பி மேசான் சிதைவுகளில் சிபி மீறலைத் தேடுவது: மடிக்கணினியில் தொடங்க ஒரு வழிகாட்டி

பி மேசான் என்பது துகள் மோதலில் பிறந்து உடனே சிதைந்துவிடும் ஒரு துகள். ஒரு கோப்பில் பி பிளஸ் மேசான்கள் எத்தனை, அவற்றின் எதிர்த்துகளான (மின்னூட்டம் போன்றவை தலைகீழான இணை) பி மைனஸ் மேசான்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லை என்றால், பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கு உங்கள் கையில் ஒரு தடயம் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் சிபி மீறல் என்கிறார்கள். வேலை இவ்வளவுதான் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் எண்ணி முடித்த பிறகுதான் பெரிய தலைவலி தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அரைப் பொய். வித்தியாசம் யாருக்கும் அரை நாளில் கிடைத்துவிடும். அது இயற்கையினுடையதா, அளந்த கருவியினுடையதா என்று பிரிப்பதற்குத்தான் மீதி நாட்கள் எல்லாம்.

தேவையானவை குறைவு. ஓரளவு பைத்தான், ஜூப்பிட்டர் நோட்புக் பழக்கம், வெக்டர்களைக் கூட்டத் தெரிந்த பள்ளிக் கணிதம். தரவை ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் இலவசமாகவே கொடுக்கிறது. அதன் திறந்த தரவுத் தளத்தில், பி மேசான்களை ஆராயும் எல்எச்சிபி சோதனை 2011ஆம் ஆண்டில் 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டான் மோதல்களில் பதிவு செய்த சிதைவுகள் மாணவர்களுக்காகவே எளிமைப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

எதைத் தேடுகிறோம்

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் 1000 கோடி ஒளித்துகளுக்குச் சுமார் 6 என்ற கணக்கில் புரோட்டான், நியூட்ரான் வகைத் துகள்கள் மிஞ்சிவிட்டன. அந்த மிச்சத்தில்தான் நாமும் விண்மீன்களும் இருக்கிறோம். இந்த மிச்சம் வருவதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று 1967இல் ஆந்திரேய் சாகரோவ் ஒரு நிபந்தனைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்றுதான் சிபி மீறல். ஒரு துகளை எதிர்த்துகளாக மாற்றி, கூடவே இடவலத்தையும் கண்ணாடியில் போலத் திருப்பினால், இயற்பியல் அப்படியே இருக்க வேண்டும் என்பது சிபி சமச்சீர்மை. அது உடைந்தே ஆக வேண்டும் என்றார் அவர்.

அது உடைவது அதற்கு 3 ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்திருந்தது. 1964இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜேம்ஸ் குரோனின், வால் ஃபிட்ச் ஆகியோரின் குழு, நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயான் இரண்டு பையான்களாகச் சிதைவதைப் பார்த்தது. (கேயானும் பையானும் பி மேசானைவிட இலகுவான மேசான்கள்.) சிபி சரியாக இருந்தால் அது நடக்கவே கூடாது. ஆயிரத்தில் 2 என்ற அளவில் நடந்தது. 1973இல் மகோத்தோ கோபயாஷியும் தொஷிஹிடே மஸ்காவாவும், புரோட்டான், மேசான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளில் குறைந்தது மூன்று தலைமுறைகள் இருந்தால் இது இயல்பாகவே வரும் என்று காட்டினார்கள். அப்போது தெரிந்திருந்தவை மூன்று குவார்க்குகள் மட்டுமே. தலைமுறைக்கு இரண்டாக ஆறு வேண்டும் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்த மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்ததுதான் நம் பி மேசானுக்குள் இருக்கும் பி குவார்க். வரலாறு இத்துடன் போதும்.

சமச்சீரின்மை எப்படி உருவாகிறது என்பதை மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பின்னால் ஏன் சில இடங்களில் மட்டும் விளைவு பெரிதாக இருக்கிறது என்ற கேள்வி வரும்போது இது கைகொடுக்கும்.

ஒரு சிதைவு இரண்டு வழிகளில் நடக்கலாம் என்று வையுங்கள். ஒரு வழியின் வீச்சு 1, இன்னொன்றின் வீச்சு 0.3. குவாண்டம் உலகில் வீச்சுகள் அலைகளைப் போலக் கூடும். எனவே இரண்டுக்கும் இடையிலான கட்டக் கோணம், அதாவது ஒரு அலை இன்னொன்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, முக்கியம். அந்தக் கோணத்தில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று சிதைவை நடத்தும் மெல்விசை தரும் கோணம், 60 டிகிரி என்று கொள்வோம். துகளிலிருந்து எதிர்த்துகளுக்குப் போனால் இதன் குறி மாறி −60 ஆகிவிடும். மற்றொன்று குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசை தரும் கோணம், 30 டிகிரி என்று கொள்வோம். இது மாறாது. ஆக, துகளுக்கு மொத்தக் கோணம் 90, எதிர்த்துகளுக்கு −30.

சிதைவு வீதம் 1 + 0.09 + 0.6 × கொசைன் (மொத்தக் கோணம்). துகளுக்கு 1.09 வருகிறது. எதிர்த்துகளுக்கு 1.61. வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் சுமார் 19 சதவீதம்! இப்போது வல்விசைக் கோணத்தை 0 ஆக்கிப் பாருங்கள். கொசைன் 60, கொசைன் −60 இரண்டும் ஒன்றே. சமச்சீரின்மை காணாமல் போய்விடும். மெல்விசைக் கோணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வல்விசையின் துணை இல்லாமல் அது எண்ணிக்கையில் தலைகாட்டாது.

எந்தச் சிதைவு

புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மின்னூட்டம் உள்ள பி மேசான் மூன்று மின்னூட்டக் கேயான்களாகச் சிதைவதை எடுங்கள் என்பதுதான். பி பிளஸ் சிதைந்தால் இரண்டு கே பிளஸ், ஒரு கே மைனஸ். பி மைனஸ் சிதைந்தால் இரண்டு கே மைனஸ், ஒரு கே பிளஸ். மூன்று மின்னூட்டங்களையும் கூட்டினால் தாய் யார் என்று தெரிந்துவிடும். நடுநிலை மேசான்களில் இந்தச் சலுகை கிடையாது. அவை பறந்துகொண்டிருக்கும்போதே துகளாகவும் எதிர்த்துகளாகவும் மாறி மாறி அலையும். பிறந்தபோது எதுவாக இருந்தது என்று துப்பறிவதே தனிக் கலை. முதல் முயற்சியிலேயே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். பி பிளஸ் மேசானுக்குள் இருப்பது எதிர்-பி குவார்க்கும் ஒரு யு குவார்க்கும். பி மைனஸில் இருப்பது பி குவார்க்கும் எதிர்-யு குவார்க்கும். இரண்டில் எது பொருள், எது எதிர்ப்பொருள் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர், அவ்வளவுதான்.

சமச்சீரின்மைக்கு எல்லோரும் பயன்படுத்தும் வரையறை இது: பி மைனஸ் எண்ணிக்கையிலிருந்து பி பிளஸ் எண்ணிக்கையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எது முதலில் என்பதை நோட்புக்கின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். குறியை மாற்றிப் போட்டு அரை மணி நேரம் உலகமே தலைகீழாகிவிட்டது என்று நான் நம்பியதுண்டு.

கோப்பைத் திறப்பது

மூன்று கோப்புகள் வேண்டும். ஒன்று உருவகப்படுத்திய தரவு. மற்ற இரண்டும் உண்மைத் தரவு. ஒன்றில் கருவியின் காந்தப்புலம் மேல்நோக்கி, இன்னொன்றில் கீழ்நோக்கி. உண்மைத் தரவு இரண்டும் சேர்ந்து ஒரு ஜிபிக்குச் சற்று மேல், அதில் சுமார் 85 லட்சம் நிகழ்வுகள். மூன்றுமே ரூட் என்ற வடிவத்தில் இருக்கும். பைத்தானிலிருந்து திறக்க அப்ரூட் என்ற நூலகம் போதும். நினைவகம் குறைவான கணினி என்றால் எல்லா நெடுவரிசைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். வேண்டியதை மட்டும், துண்டு துண்டாகப் படிக்கலாம்.

ஒவ்வொரு நிகழ்விலும் மூன்று மகள் துகள்கள், அதாவது சிதைவில் பிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் உந்தத்தின் மூன்று கூறுகள், மின்னூட்டம், அது கேயானாக இருக்கும் வாய்ப்பு, பையானாக இருக்கும் வாய்ப்பு, மியூவானா (எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) இல்லையா என்ற குறி. அதோடு தாய்த் துகள் எவ்வளவு தூரம் பறந்தது, மூன்று தடங்களும் எவ்வளவு கச்சிதமாக ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்ற விவரங்களும் உண்டு. ஆற்றல் மட்டும் இருக்காது. அதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்.

உருவகக் கோப்பில் தொடங்குங்கள். கருவியின் குறைகள் எதுவும் சேராத தரவு அது; உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு மகளுக்கும் உந்தத்தின் வர்க்கத்தோடு கேயான் நிறையின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஆற்றல் வரும். கேயான் நிறை 493.7 மெகா எலெக்ட்ரான் வோல்ட். இனி எம்இவி என்றே எழுதுகிறேன். மூன்று ஆற்றல்களையும் கூட்டுங்கள். உந்தங்களைக் கூறு கூறாகக் கூட்டுங்கள். மொத்த ஆற்றலின் வர்க்கத்திலிருந்து மொத்த உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் தாயின் நிறை. ஹிஸ்டோகிராம் போட்டால் 5279 எம்இவியில் ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு நிற்க வேண்டும்.

அது நிற்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள். கோடு கீழே தள்ளி அகலமாகச் சரிந்திருந்தால், பெரும்பாலும் கேயான் நிறைக்குப் பதிலாகப் பையான் நிறையை (139.6) போட்டிருப்பீர்கள். எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் இருந்தால் எம்இவிக்கும் ஜிஇவிக்கும் (ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்) இடையே ஆயிரம் மடங்கு தப்பியிருக்கும்.

சல்லடை

இப்போது உண்மைத் தரவில் அதே ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு மனசு உடைந்துவிடும். கோடும் இல்லை, குன்றும் இல்லை. ஒரு பெரிய மேடு மட்டுமே. 85 லட்சத்தில் மிகப் பெரும்பாலானவை, எங்கெங்கிருந்தோ வந்த மூன்று தடங்கள் தற்செயலாக ஒன்றாகச் சேர்ந்த குப்பை. சரி, சலிக்க வேண்டியதுதான்.

பலன் அதிகம் தரும் சல்லடை, துகள் அடையாளம். மூன்று மகள்களுக்கும் கேயான் வாய்ப்பு 0.5க்கு மேல், பையான் வாய்ப்பு 0.5க்குக் கீழ், மியூவான் குறி இல்லை. இந்த மூன்றே நிபந்தனைகளில் மேடு கரைந்து 5279 பக்கத்தில் குன்று எழுந்து நிற்கும். அந்தக் குன்றை முதன்முதலாக என் திரையில் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பூமிக்கடியில் யாரோ மோதவிட்ட புரோட்டான்களின் சிதறல் என் மடிக்கணினியில் குன்றாகி நின்றது.

அப்புறம் பறந்த தூரம். பி மேசானின் சராசரி ஆயுள் சுமார் 1.6 பிக்கோ வினாடி. கேட்கச் சிறியது. ஆனால் ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் பறப்பதால் காலம் நீண்டு, எல்எச்சிபியில் அது சிதைவதற்கு முன் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பயணம் செய்துவிடும். மோதல் நடந்த இடத்திலிருந்தே கிளம்பும் தடங்களை ஒதுக்க இது வசதி. ஒவ்வொரு மகளின் தடத்தையும் பின்னோக்கி நீட்டினால் அது மோதல் புள்ளியைத் தொடாமல் விலகிப் போக வேண்டும். மூன்றும் ஒரே சிதைவுப் புள்ளியில் கூட வேண்டும். இந்த வெட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பது உங்கள் முடிவு. இறுக்கினால் குப்பை குறையும், கூடவே நல்லதும் குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது சமச்சீரின்மை எவ்வளவு வருகிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்தால், உங்களுக்கே தெரியாமல் பெரிய எண் வரும் வெட்டின் பக்கம் சாய்வீர்கள். நானும் சாய்ந்திருக்கிறேன். ஆராய்ச்சிக் குழுக்கள் இதற்காகவே விடையைக் குருடாக்கி வைத்துத்தான் வேலை செய்கின்றன. உங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: தாயின் மின்னூட்டத்தைத் தற்செயலாகக் கலைத்துப் புதிய நெடுவரிசை ஒன்றை உருவாக்கி, எல்லா வெட்டுகளும் முடிவாகும் வரை அதை மட்டுமே பயன்படுத்துங்கள். அதில் சமச்சீரின்மை பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணும் நிரலிலேயே கோளாறு.

குன்றின் அடியில் இருப்பது

வெட்டுகளுக்குப் பிறகும் குன்று தரையில் நிற்காது; குப்பையின் மேல்தான் நிற்கும். குன்றில் உள்ள எல்லாவற்றையும் எண்ணினால் குப்பையையும் சேர்த்து எண்ணியதாகும். அதைக் கழிக்க, குன்றுக்கு வலப்பக்கம், 5400க்கு மேல் தட்டையாக ஓடும் பகுதியைப் பாருங்கள். அங்கே தற்செயல் சேர்க்கைகள் மட்டுமே இருக்கும். அந்தப் போக்கைக் குன்றின் அடிவரை நீட்டி, எவ்வளவு குப்பை என்று மதிப்பிட்டுக் கழிக்கலாம்.

இடப்பக்கத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது? அங்கே வேறொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு துகளாகச் சிதைந்து, அதில் ஒரு பையான் கருவியின் கண்ணில் படாமல் போன பி மேசான்கள். காணாமல் போன பையானின் நிறையாவது குறைந்தே தீரும் என்பதால் இவை சுமார் 5140க்குக் கீழே குவியும். இடப்பக்கத்தை வைத்துக் குப்பையை மதிப்பிட்டால் மதிப்பீடு வீங்கிவிடும். இன்னொரு தொல்லை, பையானைக் கேயான் என்று தவறாக அடையாளம் கண்டவை. இலகுவான துகளுக்குக் கனமான நிறையைப் போட்டதால் இவை குன்றுக்கு மேல் பக்கமாக நகர்ந்து வரும்.

பழகிய பிறகு, குன்றுக்கு மணி வடிவக் காஸியன் வளைவு, குப்பைக்கு ஒரு அடுக்குக்குறி வளைவு என்று பொருத்தி எண்ணிக்கை எடுப்பது நல்லது. பி பிளஸ், பி மைனஸ் இரண்டுக்கும் தனித்தனியாகப் பொருத்துங்கள். குப்பைக்கும் சொந்தமாக ஒரு சமச்சீரின்மை இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே குப்பை என்று வைத்தால் அது உங்கள் விடையில் கலந்துவிடும்.

எண்ணி முடித்ததும்

கையில் பிடிபடுவதற்காக நானே இட்ட எண்கள் இவை: பி மைனஸ் 11,000, பி பிளஸ் 11,900. வித்தியாசம் −900, மொத்தம் 22,900. சமச்சீரின்மை −0.039.

இது தற்செயலாக வந்திருக்குமா? ஒரு காசை 22,900 முறை சுண்டினால் தலையும் பூவும் அச்சாகச் சமமாக விழாது. அவற்றின் வித்தியாசம் வழக்கமாக மொத்தத்தின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 151 அளவுக்கு ஆடும். நமக்கு வந்தது 900. கிட்டத்தட்ட 6 மடங்கு, இயற்பியல்காரர்கள் பேச்சில் 6 சிக்மா. துகள் இயற்பியலில் 5 சிக்மா என்றாலே கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் வழக்கம்.

அறிவித்துவிடாதீர்கள். 6 சிக்மா என்பது இது காசு சுண்டிய விளையாட்டு இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. காசே ஒருபக்கம் கனமாக இருந்தால்?

கருவி செய்யும் வேலை

எல்எச்சிபியில் ஒரு பெரிய காந்தம் மின்னூட்டத் துகள்களை வளைக்கிறது. நேர் மின்னூட்டம் ஒரு பக்கம் போனால் எதிர் மின்னூட்டம் மறுபக்கம் போகும். கருவியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் மந்தமாக இருந்தால்கூட, ஒரு மின்னூட்டம் குறைவாகப் பதிவாகும். உடனே உங்கள் எண்ணில் சமச்சீரின்மை தோன்றும், இயற்கை ஒன்றும் செய்யாமலேயே. இதை முறியடிக்கத்தான் காந்தத்தின் திசையை அவ்வப்போது திருப்புகிறார்கள். திருப்பினால் பக்கங்கள் இடம் மாறும், பொய்யும் குறி மாறும்.

எனவே காந்தம் மேல், காந்தம் கீழ் இரண்டிலும் சமச்சீரின்மையைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் அவற்றின் பிழைக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு விடைகளின் சராசரியை எடுங்கள். பலரும் கோப்புகளை ஒன்றாகக் கொட்டிவிட்டு எண்ணுவார்கள், இது வேண்டாம். இரண்டு கோப்புகளும் சம அளவில் இல்லை, கீழ்நோக்கிய கோப்பு பெரியது. கொட்டி எண்ணினால் பொய் முழுதாக ரத்தாகாமல் ஒரு பகுதி மிஞ்சும்.

காந்தத்தைத் திருப்பினாலும் போகாத பொய்கள் இரண்டு உண்டு. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

முதலாவது, கேயான் கருவியின் உலோகத்தோடு மோதும் விதம். கே மைனஸுக்குள் எஸ் குவார்க் இருக்கிறது. அது அணுக்கருவில் உள்ள புரோட்டானையோ நியூட்ரானையோ தொட்டால் லாம்டா போன்ற ஒரு துகளை உருவாக்கிவிட்டுத் தான் மறைந்துவிடலாம். கே பிளஸுக்குள் இருப்பது எதிர்-எஸ் குவார்க். அதற்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆக, கருவியைக் கடக்கும்போது கே மைனஸ்தான் அதிகம் தொலையும். கருவி பொருளால் செய்யப்பட்டது. எதிர்ப்பொருளால் இன்னொரு கருவி செய்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. நம் சிதைவில் ஒரு கே பிளஸும் ஒரு கே மைனஸும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். மிஞ்சுவது ஒற்றைக் கேயான். பி மைனஸில் அது கே மைனஸ். அதனால் பி மைனஸ் சற்றுக் குறைவாகப் பதிவாகும்.

இரண்டாவது, பிறப்பிலேயே உள்ள வித்தியாசம். மோதுவது புரோட்டானும் புரோட்டானும். அதாவது ஆட்டம் தொடங்கும்போதே பொருளின் கை ஓங்கியிருக்கிறது. புரோட்டானுக்குள் இருக்கும் யு குவார்க்கைப் பற்றிக்கொண்டு எதிர்-பி குவார்க் பி பிளஸ் ஆவது எளிது. பி குவார்க்கோ புரோட்டானின் குவார்க்குகளோடு சேர்ந்து மூன்று குவார்க் கொண்ட பேரியான் ஆகிவிடும் வாய்ப்பும் உண்டு. எனவே பி பிளஸ் கொஞ்சம் அதிகமாகவே பிறக்கிறது.

கவனியுங்கள்: இரண்டு பொய்களும் ஒரே பக்கம், பி மைனஸைக் குறைக்கும் பக்கம், தள்ளுகின்றன. நம் விடையும் அதே பக்கம்தான் வந்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

எல்எச்சிபி குழு இதற்குச் செய்த உபாயம் அழகானது. பி மேசான் ஒரு ஜே-சை துகளாகவும் (மின்னூட்டம் இல்லாத கனமான மேசான்) ஒற்றைக் கேயானாகவும் சிதைவதை எடுத்தார்கள். அங்கேயும் அதே தாய், மிஞ்சுவது அதே ஒற்றைக் கேயான். இரண்டு பொய்களும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அந்தச் சிதைவில் சிபி மீறல் மிகச் சிறியது என்று முன்பே அளந்தாயிற்று. எனவே அதில் தெரியும் சமச்சீரின்மை கிட்டத்தட்ட முழுவதும் பொய்தான். அதை நம் விடையிலிருந்து கழித்தால் போதும்.

மடிக்கணினியில் இதையெல்லாம் செய்ய முடியாதபோது நேர்மையான வழி, இந்தப் பொய்கள் 1 சதவீத அளவுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு அதை முறைசார் பிழையாகச் சேர்ப்பது. புள்ளியியல் பிழை 0.0066 (151ஐ 22,900ஆல் வகுத்தது), முறைசார் பிழை 0.010. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.012. நம் 6 சிக்மா ஒரே வரியில் 3.3 ஆகிவிட்டது. ஏமாற்றமாக இருக்கிறதா? அசல் ஆய்வின் நிலையும் இதேதான். 2013இல் எல்எச்சிபி இதே 2011 தரவில் சுமார் 22,000 சிதைவுகளை எடுத்து −0.043 என்று வெளியிட்டது. புள்ளியியல் பிழை 0.009, முறைசார் பிழை 0.003, அதோடு ஜே-சை சிதைவின் சிபி மீறலே துல்லியமாகத் தெரியாததால் வந்த 0.007. எல்லாம் சேர்த்து 3.7 சிக்மா. அவர்கள் அதற்கு வைத்த சொல் சான்று என்பதுதான். கண்டுபிடிப்பு என்று எழுதவில்லை.

வரைபடத்துக்குள் தேடுவது

மொத்தமாக எண்ணும்போது சில இடங்களில் கூட்டலும் சில இடங்களில் கழித்தலுமாக விளைவு நசுங்கிப் போகும். பிரித்துப் பார்க்க ஒரு பழைய கருவி உண்டு: ரிச்சர்ட் டாலிட்ஸ் 1950களில் கொண்டுவந்த டாலிட்ஸ் வரைபடம். நம் மூன்று கேயான்களில், மற்ற இரண்டுக்கும் நேர்மாறான மின்னூட்டம் கொண்டதை அந்த இரண்டோடும் தனித்தனியாகச் சேர்த்தால் இரண்டு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் நிறை வர்க்கத்தையும் கணக்கிட்டு, சிறியதை ஒரு அச்சிலும் பெரியதை மற்றொன்றிலும் போடுங்கள். இரண்டு கேயான்களும் ஒரே மாதிரி என்பதால் எது முதல் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. சிறியது பெரியது என்று வரிசைப்படுத்துவதுதான் சரி.

உருவகத் தரவில் புள்ளிகள் சமமாகத் தூவியது போல இருக்கும். உண்மைத் தரவில் பட்டைகள் தெரியும். சிறிய நிறை வர்க்கம் 1.04 ஜிஇவி வர்க்கத்தின் அருகே நிற்கும் மெல்லிய பட்டை, இரண்டு கேயான்களாகச் சிதையும் ஃபை மேசான். 3.5 அருகே ஒன்று வந்தால் அது சார்ம் குவார்க் கொண்ட டி மேசான். பி முதலில் டி ஆகவும் அது பிறகு இரண்டு கேயானாகவும் போன வேறு வழி. அதை நீக்கிவிடுங்கள்: ஜோடி நிறை 1865 எம்இவிக்கு இருபுறமும் 30க்குள் இருந்தால் நிகழ்வையே விடலாம்.

இப்போது வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமச்சீரின்மை. கட்டங்களைச் சம அளவில் வெட்டாமல், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கை வரும்படி வெட்டினால் வெறும் கட்டங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஃபை பட்டைக்குச் சற்று மேலே, சிறிய நிறை வர்க்கம் 1.2க்கும் 2.0க்கும் இடையில், பெரியது 15க்குக் கீழே உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கே எல்எச்சிபி அளந்தது −0.226. மொத்தத்தைவிட 5 மடங்கு!

ஏன் அங்கே? முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்; வல்விசைக் கோணம் வேண்டும். 1 ஜிஇவிக்குச் சற்று மேலான நிறையில் இரண்டு பையான்கள் மோதி இரண்டு கேயான்களாகவும், கேயான்கள் பையான்களாகவும் மாறிக்கொள்வது அதிகம். அந்த மாற்றம் தேவையான கோணத்தைத் தருகிறது என்பதுதான் பரவலான விளக்கம். இது உண்மையானால் இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்க வேண்டும். கூடியிருக்கிறது: பி மேசான் ஒரு கேயானும் இரண்டு பையான்களுமாகச் சிதையும்போது சமச்சீரின்மை நேர்க் குறியில் வருகிறது.

ஒரு கட்டம் மட்டும் பளிச்சென்று நின்றால் துள்ளிக் குதிக்காதீர்கள். 100 கட்டங்கள் போட்டால், ஒன்றுமே இல்லாத தரவிலும் சுமார் 5 கட்டங்கள் 2 சிக்மாவைத் தாண்டும். கலைத்த மின்னூட்ட நெடுவரிசையை இங்கேயும் ஓட்டி, வெறும் தற்செயல் எப்படித் தோற்றமளிக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே குறியில் சேர்ந்து நிற்கின்றனவா, காந்தம் மேல், கீழ் இரண்டிலும் அதே இடத்தில் நிற்கின்றனவா என்பவை நம்பிக்கை தரும் அறிகுறிகள்.

இதற்கு அடுத்து

களம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2019இல் எல்எச்சிபி சார்ம் குவார்க் கொண்ட டி மேசான்களில் சிபி மீறலைக் கண்டது. அங்கே விளைவு ஆயிரத்தில் 1.5 மட்டுமே. 2025இல் பேரியான்களில் முதன்முறையாகக் கண்டுபிடித்தார்கள்: லாம்டா-பி என்ற துகள் ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பையான்களாகச் சிதைவதில் சுமார் 2.5 சதவீதம், 5.2 சிக்மா. இதுவரை அளந்தவை எல்லாம் கோபயாஷி, மஸ்காவா கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தக் கணக்கு தரும் சிபி மீறல், பிரபஞ்சத்தில் மிஞ்சிய பொருளை விளக்கப் பல மடங்கு போதாது. அதனால்தான் தேடல் ஓயவில்லை.

உங்கள் அடுத்த வேலைக்கு வேறெங்கும் போக வேண்டாம். அதே கோப்புகளில், அடையாள வெட்டில் ஒரு கேயானை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பையானாக மாற்றி முயன்று பாருங்கள். டி மேசான் இங்கே கேயானும் பையானுமாகச் சிதைந்து இன்னும் பெரிய பட்டையாக வரும், அதை முதலில் நீக்குங்கள். மியூவான் குறியைத் தளர்த்தாதீர்கள். ஜே-சையிலிருந்து வரும் மியூவான்கள் பையான் வேடத்தில் நுழைந்துவிடும். அந்த இரண்டு பையான்களின் நிறைகளை 139.6க்கு மாற்றவும் மறக்காதீர்கள்.